கத்திரி வெட்டிய பாட்டு

"உன்னோடதுன்னு எங்கடா எழுதியிருக்கு? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா?"

"மரியாதையா பேசும்மா. என் ஸ்டூடியோ, என் மைக், என் பதிவு. என் கண் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சு பதிவானது."

"பொய்! அத்தனையும் புளுகு! மாசக்கணக்கா கண்ணைக் கெடுத்துக்கிட்டு துண்டு துண்டா வெட்டி ஒட்டினவ நான். அது என் கம்ப்யூட்டரை விட்டு வெளியவே போகலை."

"உன் கம்ப்யூட்டர் பக்கம் நான் தலை வெச்சுக்கூட படுத்ததில்லை. எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன். போ, போய் வேற வேலை இருந்தா பாரு."

மூடிய கதவுக்கு வெளியே, மாடிப்படியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் மேடம். பாதி வாழ்க்கையை ஒரு வங்கியில் கையெழுத்து சரிபார்ப்பதில் கழித்துவிட்டு, போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவர். இன்னொருவர் அவருடைய உதவியாளர் ரேடியோ. முன்பு வேனில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கடை விளம்பரம் சொன்ன ஆள். வேனை விட்டு இறங்கியும் வாய் நிற்கவில்லை. அதனால் அந்தப் பெயர்.

"மேடம், உள்ள போயிடலாமா? இங்க நின்னா ஒட்டுக் கேக்குற மாதிரி இருக்கு" என்று ரேடியோ கிசுகிசுத்தார்.

"ஒட்டுத்தான் கேக்குறோம். வாயை மூடு."

கதவு படாரென்று திறந்தது. அவர்களுடைய கட்சிக்காரி வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் சிவந்திருந்தது. இசை வட்டாரத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரண கிட்டார் வாசிப்பைப் பதிவு செய்து, அதைப் பொடிப்பொடியாக வெட்டி, தலைகீழாகத் திருப்பி, இழுத்து நீட்டி, யாரும் கேட்டிராத எலக்ட்ரானிக் இசையாக்குவது அவள் வேலை. பின்னாலேயே ஸ்டூடியோக்காரன் தாடி எட்டிப் பார்த்தான். மேடத்தைப் பார்த்ததும் தாடியைத் தடவிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டான்.

"கேட்டீங்கள்ல மேடம்? கூசாம சொல்றான் பாருங்க."

"கேட்டேன். ஒரு இடத்துலகூட அவன் குரல் தடுமாறலை. அதுதான் எனக்கு இடிக்குது" என்றார் மேடம்.

விஷயம் இதுதான். கத்திரி இன்னும் வெளியிடாத பாட்டு ஒன்று, போன வாரம் தாடியின் பெயரில் இணையத்தில் வந்துவிட்டது. அதே தாளம், அதே வெட்டு, அதே திடீர் நிறுத்தம். இந்தச் சனிக்கிழமை ஒரு பெரிய அரங்கத்தில் அவள் அதை வாசிப்பதாக இருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை. அரங்கத்துக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: பாட்டு யாருடையது என்று இன்று சாயங்காலத்துக்குள் நிரூபியுங்கள், இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம். எடுத்துவிட்டால் அதோடு போகாது. காப்பியடித்தவள் என்ற பெயர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கத்திரி வேலை செய்யும் அறை நான்கு தெரு தள்ளி இருந்தது. வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் ஒரு பழைய மெத்தையை நிறுத்தி வைத்திருந்தாள். மேஜை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் ரப்பர் பொத்தான்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டி. மூலையில் நாற்காலி, எதிரே ஒரு மைக்.

"அந்த நாற்காலியிலதான் அண்ணன் உட்காருவார். அவர் வாசிப்பார், நான் வெட்டுவேன். பன்னெண்டு வருஷமா இப்படித்தான்."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கம்பி மேல் விரல் வழுக்கும்போது வரும் சத்தம்: கீச்.

"அவ்வளவுதானா?" என்றார் ரேடியோ. "எங்க வீட்டு பீரோ இதை தினமும் பண்ணுது. யாரும் மேடை குடுக்கலை."

அவள் சிரிக்கவில்லை. பொத்தானைத் தொடர்ந்து தட்டினாள். கீச் கீச்-கீச் கீச். தாளமாயிற்று. இன்னொரு பொத்தானில் ஒரு கம்பி மீட்டலைத் தலைகீழாகத் திருப்பியிருந்தாள். யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. அதன் நடுவே ஒரு 'தொம்'. எல்லாம் கூடி ஓட ஆரம்பித்து, கத்தியால் அறுத்ததுபோல் சட்டென்று நின்றது. ரேடியோவின் கையில் முடி சிலிர்த்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அண்ணன் வாசிச்ச முழுப் பதிவு எங்க இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"இருக்காது மேடம். வேணுங்கிறதை வெட்டி எடுத்த உடனே மிச்சத்தை அழிச்சிடுவேன். எப்பவும் அப்படித்தான். திரும்பிப் போக வழி இருக்குன்னு தெரிஞ்சா, கை கூசும். துணிஞ்சு வெட்ட வராது." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"வெட்டி முடிச்ச பாட்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. அப்புறம் அண்ணன் போன்ல. முடிச்சதும் அவருக்கு மட்டும் அனுப்புவேன். முதல் காது அவரோடதுதான். கேட்டுட்டு 'நல்லாருக்கு'ன்னு ஒத்தை வார்த்தை போடுவார்."

"அப்போ வேலை முடிஞ்சுது" என்று ரேடியோ எழுந்தார். "பூட்டு உடையலை, கம்ப்யூட்டரை யாரும் தொடலை. ஒண்ணு பாட்டைப் பூனை கவ்விட்டுப் போயிருக்கணும், இல்லாட்டி அண்ணன் போன்ல இருந்து..."

"அண்ணனைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க!" கத்திரி மேஜையில் தட்டியதில் ரப்பர் பெட்டி கீச்சென்றது. "அப்பா போனதுக்கப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவர். அவருக்கு ஃபைல் எப்படி அனுப்புறதுன்னே தெரியாது. ஒரு போட்டோ அனுப்பணும்னாகூட என்கிட்ட போனை நீட்டுவார். இந்த விஷயமே இன்னும் அவருக்குத் தெரியாது. ரத்தக்கொதிப்புக்காரர். அவர் காதுக்குப் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கத்திரியின் பாட்டைக் கேட்டார். பிறகு தாடியின் பாட்டைக் கேட்டார். மறுபடி இதை, மறுபடி அதை. கண்ணை மூடிக்கொண்டு, வங்கியில் செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அதே முகம். நடுவில் ஒரு முறை உதடு லேசாக விரிந்தது.

"ரேடியோ, இந்தக் கவர் பின்னாடி உன் கையெழுத்து போடு. போதும்னு சொல்ற வரைக்கும் போட்டுக்கிட்டே இரு."

"என்னை வேலையை விட்டுத் தூக்குறீங்களா மேடம்? ஒரு கையெழுத்து போதுமே. இத்தனை தடவையா தூக்குவாங்க?"

"போடுய்யா."

போட்டார். மேடம் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். ஹெட்போனைக் கழற்றும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"உங்க அண்ணன் வீட்டுக்குப் போகணும்."

"எதுக்கு மேடம்? இப்பத்தானே சொன்னேன்..."

"பாட்டுக்கு கிட்டார் வாசிச்ச மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம நான் எப்படிம்மா முடிவு சொல்றது? நீயும் வா. நான் கூப்பிடுற வரைக்கும் வாசல்லயே நில்லு. கம்ப்யூட்டரையும் எடுத்துக்கோ."

அண்ணன் கிட்டார் வாத்தியார். சலவைக் கடைக்கு மேல் ஒரே அறை. சுவரெல்லாம் குழந்தைகளுக்கான குட்டிக் கிட்டார்கள் தொங்கின. வெளுத்த சட்டை, பின்னுக்கு வாரிய நரைத்த தலை. வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு கத்துக்கப் போறது?" என்றார்.

"நான்தான் சார்" என்று ரேடியோ முந்திக்கொண்டார். "சின்ன வயசு ஆசை."

"கையைக் காட்டுங்க." வாத்தியார் ரேடியோவின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது மைக் பிடிச்ச கை. பரவாயில்லை. வாயைக் கொஞ்சம் அடக்கினா விரல் தானா பேசும்."

ரேடியோவுக்கு அந்த மனிதரை அந்த நொடியிலேயே பிடித்துப்போயிற்று. அதனாலேயோ என்னவோ, அடுத்து கண்ணில் பட்டதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார். ஆனால் வாய் அதற்குள் சொல்லிவிட்டது.

"என்ன சார், கிட்டாரை இந்த மூலையில அடிச்சுத் துவைச்சிருக்கீங்க?"

கம்பிகளுக்குக் கீழே, பலகையின் ஓரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பாலீஷ் போயிருந்தது. நடுவில் முடி போல ஒரு விரிசல். கம்பி மீட்டுகிறவர் கை எந்தக் காலத்திலும் போகாத இடம். வாத்தியார் சட்டென்று அந்த இடத்தைக் கையால் மூடினார். மூடிய கையின் அடிப்பாகம் கன்றிச் சிவந்திருந்தது.

மேடம் பையிலிருந்து கவரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது இவன் போட்ட கையெழுத்து. நல்லா பாருங்க. எல்லாம் இவனோடதுதான், ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. பேங்க்ல ரெண்டு கையெழுத்து இம்மி பிசகாம ஒரே மாதிரி வந்தா நாங்க உஷாராயிடுவோம். அது ஒண்ணை வெச்சு எடுத்த நகல். மனுஷன் கை ரெண்டாவது தடவை அதே மாதிரி போடாது."

வாத்தியார் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி பாட்டுல ஒரு கீச்சுச் சத்தம் வருது. எத்தனை தடவை வந்தாலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தின மாதிரி ஒரே கீச். ஏன்னா அது ஒரே துண்டு. அதைத் திருடிட்டுப் போனவன் பாட்டுலயும் அப்படித்தானே இருக்கணும்? ஆனா தாடி போட்டிருக்கிற பாட்டுல ஒவ்வொரு கீச்சும் வேற வேற. ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. கடைசியில ஒண்ணு வியர்வையில வழுக்கியே போச்சு. மெஷினுக்கு எங்க சார் வியர்க்கும்?"

"அப்போ அவன் திருடவே இல்லையா மேடம்?" என்றார் ரேடியோ.

"ஃபைலை யாரும் திருடலை. கம்ப்யூட்டர் பக்கம் தலை வெச்சுப் படுக்கலைன்னு அவன் சொன்னது நிஜம். கண் முன்னாடி உட்கார்ந்து வாசிச்சதுன்னு சொன்னதும் நிஜம். அது வெட்டி ஒட்டின பாட்டே இல்லை. வெட்டி ஒட்டின பாட்டை அப்படியே கையில ஏத்தி, ஒருத்தர் முழுசா உட்கார்ந்து வாசிச்சிருக்கார். அந்த 'தொம்' சத்தத்துக்கு உள்ளங்கையால பலகையை அடிச்சு அடிச்சு, பலகையே விட்டுப்போச்சு." மேடம் நிறுத்தினார். "வாசிச்சுக் காட்டுங்க சார்."

வாத்தியார் நிமிர்ந்தார். மேடத்தைப் பார்க்கவில்லை. மேடத்துக்குப் பின்னால் பார்த்தார். கூப்பிடும் வரை நிற்கச் சொன்னவள், கூப்பிடாமலே வாசற்படியில் நின்றிருந்தாள்.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கிட்டாரைச் சரியாக வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

ரேடியோ தன்னை அறியாமல் அறை முழுக்க ஸ்பீக்கரைத் தேடினார். இல்லை. அந்த மரப்பெட்டியிலிருந்துதான் எல்லாம் வந்தது. கீச், தொம், கம்பியைப் பாதியில் உள்ளங்கையால் அமுக்கிச் செத்துப்போக வைக்கிற அந்த வெட்டு. மூச்சை உள்ளே இழுப்பதுபோன்ற அந்தத் தலைகீழ்ச் சத்தத்தைக்கூட, கம்பியை மெதுவாகத் தேய்த்து ஏற்றிக் கொண்டுவந்தார். கடைசியில், கத்தியால் அறுத்ததுபோல், சட்டென்று நிறுத்தினார்.

"ஏண்ணா?" என்றாள் கத்திரி.

"உங்க அண்ணி பிரிஞ்சு போன சமயத்துல ஒரு பாட்டு போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ வாசிச்சே."

"எத்தனையோ வாசிச்சேன். அதெல்லாம் நீ வெட்டத்தான் வாசிச்சேன். அந்த ஒண்ணை மட்டும் 'பத்திரமா பதிவு பண்ணி வைம்மா'ன்னு சொல்லி வாசிச்சேன். அது உனக்குக் காதுலயே விழலை."

கத்திரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் புதுப் பாட்டுன்னு அனுப்பினே. கேக்கக் கேக்க, இந்தக் கீச் நம்மளோடதாச்சேன்னு தோணுச்சு. என் பாட்டு இதுக்குள்ள எங்க இருக்குன்னு தேடினேன். ஒரு வரி கிடைக்காதான்னு தினமும் போட்டுக் கேட்டேன். கிடைக்கலை. கேட்டுக் கேட்டு, கூடவே வாசிச்சு வாசிச்சு, நீ வெட்டினதுதான் கைக்கு வந்துச்சு."

"சரி, வந்துச்சு. அவன்கிட்ட போய் ஏன் வாசிச்சே? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"அவன் ஸ்டூடியோவுல விளம்பரத்துக்கு வாசிக்கப் போனேன். கை சூடேறட்டும்னு இதை வாசிச்சேன். மிரண்டு போயிட்டான். 'யார் பாட்டு சார் இது'ன்னு கேட்டான்." வாத்தியார் பலகையின் விரிசலைத் தடவினார். "'என்னோடது'ன்னு சொன்னேன்."

"உன்னோடதா?"

"பின்ன யாரோடது? உன் ரெக்கார்டு அட்டையில எதுலயாவது என் பேர் இருக்கா? பன்னெண்டு வருஷத்துல ஒண்ணுல?"

"வெட்டினதுக்கப்புறம் அது உன் வாசிப்பே இல்லைண்ணா. அது உனக்கும் தெரியும். அதனாலதானே போடலை. உன்னை ஒதுக்கணும்னா விட்டேன்?"

"அட்டையில என் பேர் போடறேன்னு அவன் சொன்னான். நம்பினேன். கடைசியில அவனும் உன்னை மாதிரியே பண்ணிட்டான்."

அந்த வார்த்தை பட்ட இடத்தை ரேடியோ பார்த்தார். கத்திரியின் முகத்தில் அதுவரை கோபம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டார். ஒரு நகைச்சுவை சொல்லி நிலைமையைச் சமாளிப்பதுதான் அவருடைய வழக்கம். தேடினார், ஒன்றும் அகப்படவில்லை.

கத்திரி உள்ளே வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து குட்டி ஸ்டூல் மேல் வைத்தாள்.

"வாசிண்ணா. அந்தப் பாட்டு. நீ போட்ட மாதிரி, முழுசா. நான் பதிவு பண்றேன். ஒரு இடம்கூட வெட்ட மாட்டேன். உன் பேரைப் போட்டு அப்படியே வைக்கிறேன்."

வாத்தியார் கம்பியில் விரலை வைத்தார். மெதுவாக, நிதானமாக ஒரு மெட்டு எழுந்தது. நல்ல மெட்டு. யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. மூன்று நான்கு வளைவு போயிருக்கும். உள்ளங்கை தானாக இறங்கிக் கம்பியை அமுக்கியது. கீச். தொம்.

நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் கை வெட்டியது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். அப்போதும் அதே இடம்தான். அந்த இடத்துக்கு அப்பால் என்ன இருந்தது என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை.

"வரலைம்மா" என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "மாசக்கணக்கா நீ வெட்டினதையே வாசிச்சு, கை அதுலயே போயிடுச்சு. நீ அதைப் போடேன். நான் அன்னிக்கு வாசிச்ச அந்த முழுப் பதிவு. ஒரு தடவை கேட்டா புடிச்சிடுவேன். உன்கிட்ட இருக்கும்ல?"

கம்ப்யூட்டர் திரை காத்திருந்தது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோவுக்குக் காலையில் அந்த மெத்தை வைத்த அறையில் கேட்ட பெருமையான குரல் ஞாபகம் வந்தது.

"இருக்கும்ல?" என்று வாத்தியார் இன்னொரு தரம் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அரங்கத்துக்காரர்கள். அடித்துக்கொண்டே இருந்தது.

"எடும்மா" என்றார் வாத்தியார். கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "எடுத்து என் பேரைச் சொல்லு. அண்ணன்தான் திருடிக் குடுத்தான்னு சொல்லு. உன் பேர் மிஞ்சும். ஒரு தடவையாவது என் பேரும் வெளியில வரட்டுமே."

அவள் போனை எடுத்தாள்.

"ஆமா... ஆள் தெரிஞ்சுபோச்சு. ஆமாங்க, பாட்டு நான் பண்ணினதுதான்... இல்லை, பேர் சொல்ல மாட்டேன். தெரியும். பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துடுங்க. சனிக்கிழமை நான் வரலை."

போனை வைத்தாள். கம்ப்யூட்டரை மூடினாள். அண்ணனைப் பார்க்காமலே கேட்டாள்:

"முதல் காது உன்னோடதுதானே? புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எப்பவும் 'நல்லாருக்கா'ன்னுதானே கேப்பே" என்றார் அவர். "நல்லாருந்துச்சு. அதான் பிரச்சனை."

மேடமும் ரேடியோவும் சத்தமில்லாமல் படி இறங்கினார்கள். சலவைக் கடை வாசலுக்கு வந்ததும் ரேடியோ மேலே அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. துப்பும் துலங்கிவிட்டது. ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"மேடம், இதுல யாரு யாரை ஏமாத்தினது?" என்று கேட்டார்.

மேடம் கவரைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

எனக்கும் தெரியலைங்க. எழுதி முடிச்சு இத்தனை நேரமாச்சு, இன்னும் மனசு ஆறலை. படிச்ச நீங்க சொல்லுங்க: அவ அண்ணன் பேரைச் சொல்லியிருக்கணுமா? உங்க அண்ணனா, உங்க தங்கச்சியா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கீழே எழுதுங்க. திட்டுறதா இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்க. 'நல்லாருக்கு'ன்னு ஒத்தை வார்த்தை மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.